ஒன்பது வரிக் கட்டம் பிறந்த கதை

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை, வாழைத் தோட்டம் கண்ணில் படாத திசை குறைவு. வாழை மரம் ஒரு முறைதான் தார் போடும். தாரை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் தாய்மரத்தின் வேலை முடிந்தது. அதைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றுக்கு இடம் விட வேண்டியதுதான். சாய்ந்து கிடக்கும் அந்த மரத்தின் மட்டைக்குள் உறுதியான நார் இருப்பது பூக்கட்டும் கைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதே நாரைப் பிசினில் பதித்துப் பலகையாக வார்க்கலாமே, கார் கதவின் உட்பக்கத்துக்கும் மேசைக்கும் ஆகுமே என்ற ஆசை பொறியியல் கல்லூரிகளுக்குப் பின்னால்தான் வந்தது. ஆசை வந்த கையோடு ஒரு கணக்கும் வந்து வழியை மறித்தது.

நாரை எவ்வளவு நீளத்துக்கு நறுக்குவது? பிசினில் நூற்றுக்கு எத்தனை பங்கு சேர்ப்பது? நாரைச் சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடா கரைசல் எவ்வளவு காரமாக இருக்க வேண்டும்? அதில் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்? நான்கு கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகளை மட்டும் பார்ப்பது என்று வைத்தாலும் மூன்றை நான்கு முறை பெருக்க வேண்டும், 81 பலகைகள். ஒவ்வொன்றையும் வார்த்து, காயவைத்து, துண்டு வெட்டி, யூ.டி.எம். இயந்திரத்தில் அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். எம்.இ. படிப்பின் கடைசி இரண்டு பருவங்களில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் ஆய்வேடுகளில் 81 பலகைகளைக் காண முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் சிறிய கட்டம் ஒன்று இருக்கும். நான்கு நிரல், ஒன்பது வரி. பெயர் எல்-9. ஒன்பது பலகைகளோடு ஆய்வு முடிந்துவிடும். மென்பொருளில் ஒரு சொடுக்கில் வந்து நிற்கும் அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதன் முதல் கோடு விழுந்தது ரஷ்யாவில், பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த ஒரு மனிதரின் மனத்திரையில்.

அவர் லியோனார்ட் ஆய்லர். 1779-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் முன் ஒரு புதிரை வைத்தார். 6 படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலிருந்தும் 6 வெவ்வேறு பதவிகளில் இருக்கும் அதிகாரிகள், ஆக 36 பேர். இவர்களை ஆறுக்கு ஆறு சதுரமாக நிறுத்த வேண்டும். எந்தக் குறுக்கு வரிசையிலும் எந்த நெடுக்கு வரிசையிலும் ஒரே படைப்பிரிவோ ஒரே பதவியோ இரண்டு முறை வரக்கூடாது. மூன்றுக்கு மூன்று சதுரத்தில் 9 பேரை இப்படி நிறுத்துவது சுலபம். நான்கும் ஐந்தும்கூட வசப்பட்டன. ஆறு மட்டும் அசையவில்லை. ஆறும், அதேபோல் பத்தும் பதினான்கும், முடியவே முடியாது என்பது ஆய்லரின் ஊகம். கட்டுரை 1782-ல் அச்சானது. சுலபமாக முடிந்த 9 பேர் சதுரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கதையின் நாயகன் அந்தச் சின்னச் சதுரம்தான்.

அதற்கு உயிர் கொடுக்கும் கணிதம் பாரிஸில் பிறந்தது. எவாரிஸ்த் கலுவா என்ற இளைஞர், எண்கள் முடிவில்லாமல் நீளாமல் ஒரு சின்னக் கூட்டத்துக்குள்ளேயே கூட்டியும் பெருக்கியும் திரும்பத் திரும்ப வரும் விசித்திரக் கணக்கை 1830-ல் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1832 மே மாதம், துப்பாக்கிச் சண்டை ஒன்றில் குண்டடிபட்டு இறந்தார். வயது 20. ஆய்லரின் சதுரமும் கலுவாவின் எண்களும் தனித்தனித் தாள்களில் உறங்கின. இரண்டும் சந்திக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சந்தித்த இடம் பாரிஸும் அல்ல, பீட்டர்ஸ்பர்க்கும் அல்ல, கல்கத்தா.

அதற்கு முன் கதை ஒரு கோதுமை வயலைத் தாண்ட வேண்டியிருந்தது. லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் 1843 முதல் விளைச்சல் கணக்குகள் குவிந்திருந்தன. எந்த உரம் பலன் தந்தது, எது மழையால் வந்தது, எது மண்ணால் வந்தது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. 1919-ல் ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித இளைஞரை வேலைக்கு எடுத்துக் கணக்கு நோட்டுகளை அவர் முன் குவித்தார்கள். அலசி அலசிப் பார்த்தவர் கடைசியில் குற்றத்தைக் கணக்கின் மேல் போடவில்லை, சோதனையின் மேல் போட்டார். வயலைப் பிரிக்கும் முறையே தப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்ற பழைய பாடமும் தப்பு. பலவற்றை ஒரே சமயத்தில் மாற்றலாம். மாற்றும் ஒழுங்கு சரியாக இருந்தால் ஒவ்வொன்றின் பலனும் தனித்தனியாகப் பிரிந்து வரும் என்றார். அந்த ஒழுங்குக்காக அவர் தேடி எடுத்தது ஆய்லரின் சதுரங்களை. 1935-ல் 'சோதனை வடிவமைப்பு' என்ற பொருளில் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. ஆனால் சதுரங்களை ஒவ்வொன்றாகக் கையால் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெரிய சதுரங்களை உண்டாக்கும் சூத்திரம் யாரிடமும் இல்லை.

இங்கே ஒரு கப்பல் தாமதமானது. 1915-ல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் முடித்துக் கல்கத்தாவுக்குக் கிளம்பிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், உலகப் போரால் கப்பலுக்காகக் காத்திருந்தார். பொழுது போகாமல் கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் உலவியவருக்கு மெக்காலே என்ற ஆசிரியர் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழைக் காட்டினார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறி, வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தார். இயற்பியல் கற்பிக்கத் திரும்பியவர் புள்ளியியல் பித்தராக இறங்கினார். 1931 டிசம்பர் 17 அன்று இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். இடம், பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம். ஆள் வேண்டுமே என்று தேடியவர் கண்ணில் பட்டவர் புள்ளியியலே படிக்காத ஒரு வடிவியல் ஆசிரியர்.

அவர் ராஜ் சந்திர போஸ். கழகத்தில் சேர்ந்த பிறகுதான் புள்ளியியலையே கற்றார். அதே காலத்தில் ஜெர்மனியில் நாஜிகள் யூதர் என்பதற்காக ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் லெவி என்ற கணிதப் பேராசிரியரை வேலையிலிருந்து விரட்டினார்கள். அவருக்கு இடம் கொடுத்தது கல்கத்தா பல்கலைக்கழகம். லெவி கலுவாவின் எண்களைப் பற்றிப் பேச, கேட்டுக்கொண்டிருந்த போஸின் மனத்தில் பொறி தட்டியது. ஃபிஷர் தேடிக்கொண்டிருக்கும் சதுரங்களைக் கையால் தேடத் தேவையில்லை, இந்த எண்களைக் கொண்டு உற்பத்தியே செய்யலாம்! 1938-ல் கழகத்தின் 'சாங்க்யா' இதழில் போஸ் அதை வெளியிட்டார். அந்தக் குளிர்காலத்தில் ஃபிஷரே கல்கத்தாவில் இருந்தார். இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதற்குச் சமம் என்ற பொருள்பட எச்சரித்தார். எச்சரிக்கை உலகப் புகழ் பெற்றது. கட்டத்துக்கு இன்னும் ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. அவர் அப்போது ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார்.

கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ் 1920 செப்டம்பர் 10 அன்று பெல்லாரிச் சீமையின் ஹடகலியில், தெலுங்குக் குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாவதாகப் பிறந்த கண்ணனின் பெயரையே வைத்தார்கள். கணிதத்தில் முதல் வகுப்பு கிடைத்தது. ஆய்வு உதவித்தொகை கைகூடவில்லை. இரண்டாம் உலகப் போருக்காக ராணுவ நில அளவைப் பிரிவு கணிதம் தெரிந்தவர்களைத் தேடியது. வேலை கிடைக்கும் என்று கல்கத்தாவுக்கு ரயிலேறினார். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஊர் திரும்ப வேண்டியவர், தங்கிய இடத்தில் பம்பாயிலிருந்து வந்திருந்த ஒருவரோடு பேச்சுக் கொடுத்தார். புள்ளியியல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பயிற்சி எடுக்க வந்திருக்கிறேன் என்றார் அவர். ராவ் போய்ப் பார்த்தார், விண்ணப்பம் போட்டார். 1941 ஜனவரி 1 அன்று கழகத்தில் சேர்ந்தார். ராணுவம் அவரை எடுத்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சேர்ந்த சில ஆண்டுகளிலேயே போஸின் சதுரங்கள் அவர் கைக்கு வந்தன. சதுரம் என்ற உருவத்தையே விட்டுவிட்டால் என்ன என்று ராவ் யோசித்தார். தேவையானது ஒரே ஒரு குணம்தான். கட்டத்தின் எந்த இரண்டு நிரல்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலும், சாத்தியமான எல்லா ஜோடிகளும் சம எண்ணிக்கையில் வர வேண்டும். இன்னும் கண்டிப்பு வேண்டுமா? எந்த மூன்று நிரல்களை எடுத்தாலும் அப்படி வரட்டும். இத்தனை கேள்விகளுக்குக் குறைந்தது இத்தனை சோதனைகள் வேண்டும் என்ற எல்லையையும் அவரே வகுத்தார். சதுரம், கனசதுரம், அதற்கும் மேற்பட்டவை எல்லாம் இந்த ஒரே இலக்கணத்துக்குள் வந்து அடங்கின. 1946-ல் இங்கிலாந்தில் பிளாக்கெட், பர்மன் இருவரும் தம் வழியில் இதற்கு நெருங்கிய கட்டங்களை வெளியிட்டிருந்தார்கள்; பொது இலக்கணம் ராவிடமிருந்து வந்தது. 1947-ல் லண்டன் ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழ்த் துணை மலரில், ஆர்த்தோகனல் அர்ரே என்று அறியப்படும் இந்தக் கட்டம் அச்சேறியது. அப்போது ராவ் கேம்பிரிட்ஜில் இருந்தார். சூடானில் தோண்டியெடுத்த பழைய எலும்புக்கூடுகளின் அளவுகளை அலசுவது அவர் வேலை. அவருடைய கட்டமோ வேறு திசையில் புறப்பட்டிருந்தது.

போரில் நொறுங்கிப்போன ஜப்பானில் கெனிச்சி டகுச்சி என்ற இளைஞர் வேலை தேடிக்கொண்டிருந்தார். 1924-ல் கிமோனோ நெசவுக்குப் பேர்போன டோகாமச்சியில் பிறந்தவர். படித்ததும் நெசவுப் பொறியியல். போரில் கடற்படையின் வானியல் பிரிவில் கணக்குப் போட்டார். போர் முடிந்ததும் சுகாதார அமைச்சகத்தில் சேர்ந்தபோது மசுயாமா என்ற புள்ளியியலாளர் அவருக்குச் சோதனைக் கட்டங்களைக் காட்டிக்கொடுத்தார். 1950-ல் ஜப்பான் தொலைபேசித் துறையின் ஆய்வகத்துக்கு மாறினார். பணம் குறைவு, ஆள் குறைவு, நேரமும் குறைவு. அமெரிக்கர்கள் ஆயிரம் சோதனை செய்யும் இடத்தில் பத்து செய்து ஜெயிக்க வேண்டும். பத்து போதும் என்று நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் 1953-ல் வந்தது. வந்த இடம் ஒரு ஓடு சூளை.

இனா சைட்டோ என்ற நிறுவனத்தின் சூளையில் சுடும் தரை ஓடுகள் ஒரே அளவில் வரவில்லை. அடுக்கின் ஓரத்தில் இருந்த ஓடு ஒரு மாதிரியும், நடுவில் இருந்தது ஒரு மாதிரியும் சுருங்கின. சூளைக்குள் சூடு சமமாகப் பரவாததே காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். சரிசெய்ய வேண்டுமென்றால் சூளையையே மாற்ற வேண்டும். அவ்வளவு பணத்துக்குப் போக வழியில்லை. சூட்டை விட்டுவிட்டு மண்ணை மாற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்டார்கள். சுண்ணாம்பின் அளவு, சேர்மானத்தின் நைசு, ஃபெல்ஸ்பார் என்று களிமண் கலவையில் 7 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 அளவுகள். எல்லாவற்றையும் செய்தால் 128 சோதனைகள். கட்டத்தின்படி 8 மட்டும் செய்தார்கள். விடை எதிர்பாராத மூலையிலிருந்து எட்டிப் பார்த்தது.

சுண்ணாம்பு! அதை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியதும், சூளை அதே கோளாறோடு எரிந்துகொண்டிருக்க, ஓடுகள் மட்டும் ஒழுங்காக வந்தன. அதுவும் கலவையில் மலிவான சரக்கு. கோளாறை அகற்ற முடியாவிட்டால் அதைத் தாங்கும்படி பொருளைச் செய் என்ற பாடம் டகுச்சிக்கு வாழ்நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது. அந்த நிறுவனம் பின்னாளில் இனாக்ஸ் என்று பெயர் மாறிக் குளியலறைச் சாதனங்களால் உலகறிந்தது. அடுத்த ஆண்டே டகுச்சிக்கு ஒரு அழைப்பு வந்தது. அழைத்தவர் மகலனோபிஸ்.

1954-55-ல் டகுச்சி கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வருகைப் பேராசிரியராக இருந்தார். ஆர்த்தோகனல் அர்ரே பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். ஃபிஷரையும், ஆலைத் தரக் கட்டுப்பாட்டின் தந்தையான ஷெவார்ட்டையும் அவர் சந்தித்தது அங்கேதான். ஊர் திரும்பி 1957-58-ல் சோதனை வடிவமைப்பு பற்றி இரண்டு பாகங்களில் புத்தகம் எழுதினார். கணிதம் தெரியாத ஆலைப் பொறியாளர்கூடப் புத்தகத்தைத் திறந்து பட்டியலிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்துப் பயன்படுத்தலாம். கட்டங்களுக்கு எல்-8, எல்-9, எல்-18, எல்-27 என்று பெயர்கள்; எண் என்பது வரிகளின் எண்ணிக்கை. அந்தப் பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் எல்-9, ஆய்லர் சுலபம் என்று கடந்துபோன அந்த 9 பேர் சதுரம்தான்.

சதுரத்தை அவிழ்த்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். மூன்று குறுக்கு வரிசைகளுக்கு நாரின் மூன்று நீளங்களைக் கொடுக்கலாம். மூன்று நெடுக்கு வரிசைகளுக்கு நாரின் மூன்று பங்குகள். மூன்று படைப்பிரிவுகள் இருந்த இடத்தில் காஸ்டிக் சோடாவின் மூன்று காரங்கள். மூன்று பதவிகள் இருந்த இடத்தில் ஊறும் நேரம் மூன்று. சதுரத்தில் 9 அறைகள். அறைக்கு ஒரு பலகை. குட்டை நார் போட்ட மூன்று பலகைகளை எடுத்தால், அந்த மூன்றுக்குள் எல்லாப் பங்குகளும், எல்லாக் காரங்களும், எல்லா நேரங்களும் தலா ஒரு முறை வந்திருக்கும். நடுத்தர நாருக்கும் அப்படியே, நீள நாருக்கும் அப்படியே. ஆகவே மூன்று மூன்றாகச் சராசரி எடுத்து ஒப்பிட்டால் மற்ற மூன்றின் தாக்கமும் சமமாகக் கழிந்து, நீளத்தின் பலன் தனியே நிற்கும். அதே 9 எண்களை வேறு விதமாக மூன்று மூன்றாகக் கட்டினால் பங்கின் பலன் வரும். இன்னொரு விதமாகக் கட்டினால் காரத்தின் பலன். ஒவ்வொரு பலகையும் நான்கு கேள்விகளுக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறது. இத்தனை சிக்கனம் ஜப்பானைத் தாண்டாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்ததுதான் வியப்பு.

தாண்டிய ஆண்டு 1980. டகுச்சி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனார். அவருடைய ஆங்கிலமும் புரியவில்லை, முறையும் புரியவில்லை என்று அங்கிருந்தவர்கள் தயங்கினார்கள். துணைக்கு நின்றவர் மாதவ் பாட்கே என்ற இந்தியர். சிப் தயாரிப்பில் சிலிக்கான் தகட்டின் மேல் மிக நுண்ணிய சன்னல்களைத் திறக்கும் ஒரு படிநிலை உண்டு. சன்னல்கள் ஒரே அளவில் வராமல் மானம் போய்க்கொண்டிருந்தது. 9 காரணிகள், எல்லாச் சேர்க்கைகளையும் செய்தால் 5,832 சோதனைகள். எல்-18 கட்டத்தை வைத்து 18 மட்டும் செய்தார்கள். சன்னல் அளவின் சிதறல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. வேலை நேரம் பாதியானது. 1983-ல் பாட்கே, காக்கர் முதலானோர் இதை ஆய்விதழில் வெளியிட்டதும் டகுச்சியின் பெயர் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மந்திரமாயிற்று. மந்திரம் என்றானதும் எதிர்ப்பும் கிளம்பியது. கிளப்பியவர்களில் ஒருவர் ஃபிஷரின் மகளை மணந்தவர்.

அவர் ஜார்ஜ் பாக்ஸ், புள்ளியியலின் பெரும்புள்ளி. அவரும் வேறு சிலரும் கட்டத்தைக் குறை சொல்லவில்லை. கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைக் குறை சொன்னார்கள். காரணிகள் தனித்தனியாக மட்டும் வேலை செய்வதில்லை. புளி எவ்வளவு போடலாம் என்பது உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியாக ருசி பார்த்துக் குழம்பு வைக்க முடியாது. எல்-9 கட்டத்தின் நான்கு நிரல்களிலும் நான்கு காரணிகளை நிரப்பிவிட்டால் இந்தக் கூட்டு விளைவைப் பார்க்க ஒரு இடம்கூட மிச்சமில்லை. அது காணாமலும் போகாது. வேறு ஏதோ ஒரு காரணியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். இந்த எச்சரிக்கை அமெரிக்க ஆய்விதழ்களில் அச்சாகிக்கொண்டிருந்தபோதே, கட்டம் இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் இருந்தது.

கல்கத்தாவிலிருந்து போனது டகுச்சி முறை என்ற பெயரோடு வந்து இறங்கியது. மினிடாப் போன்ற மென்பொருள்களின் பட்டியலில் புகுந்தது. சோதனை வடிவமைப்பு தமிழகப் பொறியியல் முதுகலையில் விருப்பப் பாடமானது. மரைன் பிளைவுட் முதல் அலுமினியக் கலவை வரை, வெல்டிங் முதல் லேத் வேலை வரை எல்-9, எல்-27 போடாத ஆய்வுத் துறையைத் தேட வேண்டும். 2012-ல் போடிநாயக்கனூரில் அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, அதன் ஆய்வகங்களுக்கு முன்பே இந்தக் கட்டம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. வாழைநாரும் அதற்குள் சிக்கியது. பாக்ஸின் எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்று காட்டியதும் அந்த நார்தான்.

காஸ்டிக் சோடா நாரின் மேலிருக்கும் மெழுகையும் லிக்னினையும் கரைத்து, பரப்பைச் சொரசொரப்பாக்கும். பிசின் அதில் நன்றாகப் பிடிக்கும். காரம் கூடினால் நல்லது, ஊறும் நேரம் கூடினாலும் நல்லது என்று தோன்றும். இரண்டும் சேர்ந்து கூடினாலோ கதை வேறு; கரைசல் செல்லுலோஸையே அரித்து நாரை வலுவிழக்கச் செய்துவிடும். இரண்டு நல்லதுகள் கூடி ஒரு கெட்டது. ஒன்பது வரிக் கட்டத்தில் இந்த இரண்டோடு நீளத்தையும் பங்கையும் அடைத்துவிட்டால், இந்தச் சண்டையின் விளைவு நீளத்தின் கணக்கிலோ பங்கின் கணக்கிலோ சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். டகுச்சியே இதற்கு ஒரு காவல் வைத்திருந்தார்: கட்டம் சுட்டும் சிறந்த கலவை ஒன்பதுக்குள் இல்லாமல் போகலாம், அதை வார்த்து, இழுத்துப் பார்த்து, கணித்த பலம் வருகிறதா என்று உறுதிசெய்தே தீர வேண்டும். அந்தப் பத்தாவது பலகையைச் செய்யாத ஆய்வேடு பாதியில் நின்ற ஆய்வேடு. இதற்கிடையில் கட்டத்தின் பேரப்பிள்ளைகள் வேறு ஒரு வேட்டையில் இறங்கியிருந்தார்கள்.

1979-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தோடு தொடர்புடைய மூவர், கணினிக்குள் நடக்கும் சோதனைகளுக்காக, ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே முறை வரும் லத்தீன் சதுரத்தை நீட்டி ஒரு மாதிரி எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். பின்னாளில் வேறு சிலர் ராவின் கட்டங்களைக் கொண்டே அதைச் செம்மைப்படுத்தினார்கள். 2011 ஜூனில் அமெரிக்கா மெட்டீரியல்ஸ் ஜீனோம் திட்டத்தை அறிவித்தது. ஒரு புதிய பொருள் ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர ஆகும் காலத்தைப் பாதியாக்கி, செலவையும் சிறு பங்காகக் குறைப்பது இலக்கு. ஆயுதம், தரவும் கணினிக் கற்றலும். சோதனைகளை முன்கூட்டியே கட்டம் போட்டு வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு விடையையும் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் என்ன? 2016-ல் அதற்கு ஒரு விடை வந்தது.

லாஸ் அலமோஸில் டுராப் லுக்மன் குழுவினர், பிரசன்னா பாலச்சந்திரன் உட்பட, வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கலவைகளை எடுத்துக்கொண்டார்கள். சாத்தியமான சேர்க்கைகள் சுமார் 8 லட்சம். கையில் இருந்தது 22 கலவைகளின் தரவு. அதைக் கணினிக்குக் கற்பித்து, அடுத்து எதை உருக்கலாம் என்று கேட்டு, உருக்கி, அளந்து, விடையைத் திரும்பக் கற்பித்தார்கள். இப்படி 9 சுற்று. 36 புதிய கலவைகள். அவற்றில் 14, முதல் இருபத்திரண்டில் எதையும்விடச் சிறந்தவையாக அமைந்தன. கணினிக் கற்றலின் வெற்றி என்று இதைச் சொல்வது சரிதான். எதைக் கற்பது என்பதற்கு முன் எதைக் கேட்பது என்று ஃபிஷரும் போஸும் ராவும் போட்ட அடித்தளமும் அதற்குள் இருக்கிறது.

போஸ் வேறு கதையிலும் நாயகனானார். 1959-ல் ஸ்ரீகண்டே, பார்க்கர் இருவரோடு சேர்ந்து ஆய்லரின் 177 ஆண்டுப் பழைய ஊகத்தைப் பொய்யாக்கினார்; இரண்டும் ஆறும் மட்டுமே முடியாதவை, பத்தும் பதினான்கும் முடியும் என்று நிரூபித்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் செய்தி போட்டது. 1960-ல் ராய் சௌத்ரியோடு அவர் கண்ட பிழை திருத்தும் குறிமுறை, இன்று டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்துக்குள்ளும் இருக்கிறது. டகுச்சி 2012-ல் மறைந்தார். ராவ் 2023-ல் சர்வதேசப் புள்ளியியல் பரிசு பெற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று 102 வயதில் மறைந்தார்.

பொருளறிவியல் ஆய்வுக்குத் தரவியல் கற்க வரும் முதுகலை மாணவர்களுக்கு இன்று பைத்தானும் நியூரல் நெட்வொர்க்கும் முதலில் வந்துவிடுகின்றன. சோதனையை அடுக்கும் கலை கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. வரிசை மாற வேண்டும். குறைந்த பணமும் குறைந்த நாள்களும் கொண்ட சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கு, கோடிக்கணக்கான தரவு கைக்கு வராத ஆய்வகங்களுக்கு, ஒன்பது பலகைகளிலிருந்து நேர்மையாக நான்கு விடைகளை எடுக்கும் இந்தக் கணிதமே முதல் பாடமாக இருக்கத் தகும். ஆய்வேட்டில் எல்-9 போடும் ஒவ்வொரு இடத்திலும் டகுச்சியோடு ராவின் பெயரும் இடம்பெற வேண்டும். பத்தாவது பலகையையும் வார்த்துப் பார்த்த பிறகே முடிவு எழுதப்பட வேண்டும்.